பொதிகையில் கிடைக்காத பவளம்

ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போய்விட்டு வந்த நண்பர் ஒருவர் பையிலிருந்து ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து என் கையில் வைத்தார். "அண்ணாச்சி, மலையடிவாரத்துல கிடந்துச்சு. பவளம்தானே இது? அப்போ ஒரு காலத்துல குற்றாலம் வரைக்கும் கடல் இருந்திருக்கு, சரிதானா?" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

பவளம்தான், சந்தேகமே இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிற கல், தேன்கூடு மாதிரி குழி குழியாக இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குழிக்குள்ளும் ஓரத்திலிருந்து நடுவைப் பார்த்து மெல்லிய சுவர்கள் ஓடின. எலுமிச்சம்பழத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரியுமே, அந்த மாதிரி. கல்லைத் திருப்பினேன். மறுபக்கத்தில் பழைய காரை ஒட்டிக்கொண்டிருந்தது. மணலும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்த காரை. எந்த இடத்தில் எடுத்தீர்கள் என்று கேட்டேன். இடிந்துபோன ஒரு பழைய கட்டடத்துப் பக்கத்தில் என்றார். விஷயம் விளங்கிவிட்டது. தூத்துக்குடிக் கடலில் வெட்டின முருகைக்கல் அது. சுவர் கட்டவோ சுண்ணாம்பு சுடவோ மாட்டுவண்டியில் ஏறி மேற்கே வந்திருக்க வேண்டும்.

நண்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஆனால் அவர் யோசித்த வழியில் தப்பே இல்லை. மலைப்பாறைக்குள் பவளம் பதிந்திருந்தால் அங்கே கடல் இருந்தது என்று சொல்லலாம். எந்தக் காலத்துக் கடல் என்றும் சொல்லலாம். சில இடங்களில் அந்த நிலம் எவ்வளவு வேகத்தில் மேலே எழுந்தது என்றுகூடக் கணக்குப் போடலாம். நம் பொதிகைக்கு மட்டும் அது ஏன் நடக்காது என்று பார்த்தால், இந்த முறை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு மலைக்கு என்ன வயது என்று கேட்டால் அதற்குள் இரண்டு கேள்வி ஒளிந்திருக்கிறது. அந்தக் கல் எப்போது உண்டானது என்பது ஒன்று. அது எப்போது உயரத்துக்குப் போனது என்பது இன்னொன்று. எவரெஸ்ட் உச்சியில் இருப்பது சுண்ணாம்புக்கல். கடல் உயிர்களின் ஓட்டுத் துணுக்குகள் உள்ளே பதிந்த, ஏறத்தாழ 47 கோடி ஆண்டுக் கல். ஆனால் இந்திய நிலத்தட்டு ஆசியாவின் மேல் மோதத் தொடங்கியதே சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கல் கிழவன், மலை குழந்தை. நவதிருப்பதிப் பக்கத்து வீடுகளில் பூஜையில் இருக்கிற சாளக்கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கல்லுக்குள் சக்கரம் போலச் சுருண்டிருப்பது அம்மோனைட் என்ற கடல் உயிரின் ஓட்டு அச்சு. ஆழ்வார்திருநகரியில் துளசி சார்த்தி வைத்திருக்கிற கல், இமயமலை பிறப்பதற்கு முந்தைய டெதிஸ் கடலின் அடியில் படிந்த சேறு.

கல்லின் தோற்றத்தைப் பார்த்து வயது சொல்வது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதி நல்ல உதாரணம். அங்கே பாறைகள் மடங்கி, நசுங்கி, கறுத்துக் கிடக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் மிகப் பழைய பாறை என்றே நினைத்தார்கள். 1830-களில் அதற்குள் நிலக்கரிக் காலத்துச் செடிகளின் அச்சுகள் கிடைத்ததும் பெரிய தகராறு மூண்டது. அதைத் தீர்த்துவைத்ததில் பெரும்பங்கு வில்லியம் லான்ஸ்டேலுக்கு உண்டு. வாட்டர்லூ போரில் கலந்துகொண்ட பழைய ராணுவக்காரர். பிற்பாடு லண்டன் புவியியல் கழகத்தின் அருங்காட்சியகத்தையும் நூலகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். தெற்கு டெவனின் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்த பவளங்களை 1837 வாக்கில் அவர் வரிசைப்படுத்திப் பார்த்தார். சில, பழைய சிலூரியன் பவளங்களின் சாயலில் இருந்தன. சில, பிந்தைய கார்பனிஃபெரஸ், அதாவது நிலக்கரிக் காலத்துப் பவளங்களின் சாயலில் இருந்தன. மீதி இரண்டிலும் சேராதவை. அப்படியானால் இந்தப் பாறை இரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தைச் சேர்ந்தது என்று அவர் சொன்னார். 1839-ல் செட்ஜ்விக், மர்ச்சிசன் என்ற இரண்டு புவியியலாளர்கள் அந்தக் காலத்துக்கு டெவோனியன் என்று பெயர் வைத்தார்கள். இன்றைய கணக்கில் அது சுமார் 41.9 கோடி முதல் 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை. பூமியின் வரலாற்றில் ஒரு யுகத்தையே பவளத்தைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் சிலிர்ப்பைத் தருகிற விஷயம்.

இதன் அடிப்படை எளிது. கொல்லையில் குழி தோண்டும்போது விக்டோரியா ராணி தலை போட்ட காசு கிடைக்கிறது என்று வையுங்கள். அந்தக் காசு கிடந்த மண் விக்டோரியா காலத்துக்கு முன்னால் மூடப்பட்டிருக்க முடியாது. அதே மாதிரி, ஒவ்வொரு பவள இனத்துக்கும் ஒரு வரவும் ஒரு மறைவும் உண்டு. பாறைக்குள் எந்த இனம் இருக்கிறது என்று தெரிந்தால் பாறையின் காலத்துக்கு இரண்டு பக்கமும் வேலி போட்டுவிடலாம்.

பவளங்களில் பெரிய வேலி ஒன்று இருக்கிறது. பழைய காலத்தில் இரண்டு பெரும் வகைகள் வாழ்ந்தன: மாட்டுக் கொம்பு போல வளைந்து வளர்ந்தவை அதிகம் உள்ள ரூகோசா, குழாய்களை அடுக்கிக் கட்டின மாதிரி இருக்கும் டேபுலேட்டா. இவை ஆர்டோவிசியன் காலத்தில், சுமார் 48 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து தலைகாட்டிப் பெருகின. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடிந்தபோது நடந்த பேரழிவோடு இரண்டும் அடியோடு அழிந்துபோயின. இன்று கடலில் இருக்கும் கல் பவளங்கள் அதன் பிறகு, சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் வருகின்றன. வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். ரூகோசாவில் உட்சுவர்கள் நான்கு இடங்களில் கூடிக்கொண்டே போகும். இன்றைய பவளத்தில் ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று பெருகும். எல்லா இனத்திலும் சுத்தமாக எண்ணிவிட முடியாதுதான். ஆனாலும் நண்பர் கொண்டுவந்த கல்லில் ஒரு குழியை எண்ணிப் பார்த்தபோது ஆறின் கணக்கு தெரிந்தது. காரையே ஒட்டியிருக்காவிட்டாலும் அது 24 கோடி ஆண்டுக்கு மேற்பட்டதல்ல என்று அந்த ஒரு குழியே சொல்லியிருக்கும்.

இன்னும் குறுகலான வேலிகளும் உண்டு. ஹாலிசைட்டிஸ் என்றொரு பழம் பவளம். வெட்டு முகத்தில் சங்கிலிக் கண்ணிகளைக் கோத்த மாதிரி தெரியும். ஒருதரம் பார்த்தால் மறக்காது. சிலூரியன் காலத்தோடு அது மறைந்துவிட்டது. இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பகுதியில், பின் பள்ளத்தாக்கின் பாறைகளில் இந்தச் சங்கிலிப் பவளம் கிடைத்திருக்கிறது. மரம்கூட வளராத அந்த உயரத்தில் நிற்கிற ஒருவர், காலடியில் இருப்பது 42 கோடி ஆண்டுக்கும் முந்தைய, வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலின் தரை என்று அங்கேயே சொல்லிவிடலாம். ஏனென்றால் பவளம் காலத்தோடு இடத்தையும் சொல்கிறது. திட்டுத் திட்டாகப் பவளம் வளர்ந்திருக்கிறது என்றால் வெளிச்சம் எட்டுகிற தெளிந்த தண்ணீர் அங்கே இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதுவே அதன் குறையும். சேறு கலங்கினால் பவளம் வராது, குளிர்ந்தால் வராது, ஆழத்தில் பாறைத்திட்டு கட்டாது. ஒரே காலத்தில் ஓரிடத்தில் இருக்கும், பக்கத்தில் இருக்காது. பிரிஸ்டல் அருகே ஏவன் ஆற்றுப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புப் பாறைகளை ஆர்தர் வான் என்ற புவியியலாளர் 1905-ல் பவளத்தையும், பிராக்கியோபாட் என்ற சிப்பி போன்ற கடல் உயிரின் ஓடுகளையும் வைத்து அடுக்கடுக்காகப் பிரித்தார். பிரமாதமான வேலை. ஆனால் அந்த அடுக்கு வரிசையை வேறு ஊர்களில் பொருத்தப் போனபோது எல்லா இடத்திலும் அப்படியே பொருந்தவில்லை. பிற்பாடு திருத்த வேண்டியிருந்தது. உலகம் முழுக்க மிதந்து திரிந்த அம்மோனைட்டுகளும் நுண்ணுயிர் ஓடுகளும் பல நேரம் பவளத்தைவிட நம்பகமான சாட்சி. பவளத்தின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சரி, 42 கோடி, 25.2 கோடி என்கிற எண்கள் எங்கிருந்து வந்தன? பவளம் முன்பின் சொல்லும், ஆண்டுக் கணக்கு சொல்லாது. எண்களைத் தருவது பெரும்பாலும் எரிமலைச் சாம்பல். பவளப் பாறைக்கு மேலேயோ கீழேயோ ஒரு சாம்பல் அடுக்கு இருந்தால், அதிலிருக்கும் சிர்கான் என்ற நுண்மணிகளில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்து வயது கணிப்பார்கள். அப்படி ஓரிடத்தில் கிடைத்த எண்ணை, அதே பவளம் இருக்கிற, சாம்பலே இல்லாத இன்னொரு மலைக்கும் எடுத்துப்போக முடிகிறது.

பவளம் தானாகவே எண் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. பவளம் தன் எலும்புக்கூட்டை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறது. அதனால் அதன் மேல்தோலில் மயிரிழை போன்ற வரிகள் விழும். வெயில்காலம் குளிர்காலம் மாறுவதால் ஆண்டுக்கு ஒரு தடித்த பட்டையும் தெரியும். 1963-ல் ஜான் வெல்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், இரண்டு ஆண்டுப் பட்டைகளுக்கு நடுவே எத்தனை மெல்லிய வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். இன்றைய பவளத்தில் சுமார் 360 வந்தது. ஒரு வருஷத்து நாட்கள். டெவோனியன் காலப் பவளங்களில் எண்ணினால் 385 முதல் 410 வரை, சராசரியாகச் சுமார் 400. அந்தக் காலத்தில் ஒரு வருஷத்துக்கு 400 நாள்!

பூமி சூரியனைச் சுற்றிவர எடுக்கும் நேரம் பெரிதாக மாறவில்லை. ஒரு வருஷம் என்பது 8766 மணி நேரம். அதை 400-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 22 மணிதான். நிலவின் ஈர்ப்பால் கடல் ஏறி இறங்குகிறதே, அந்த உராய்வு பூமியின் சுழற்சிக்குப் பிரேக் போட்டுக்கொண்டே இருக்கிறது. நிலவும் ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது. நாள் எந்த வேகத்தில் நீள்கிறது என்று வானியலாளர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார்கள். டெவோனியன் பாறைகளுக்குக் கதிரியக்க முறையில் கிடைத்த வயதும் இருந்தது. பவளத்தின் தோலில் விழுந்த வரிகள் இந்த இரண்டோடும் ஒத்துப்போயின. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சாட்சிகள் ஒரே பதிலைச் சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்? வரிகளை எண்ணுவதில் ஆளுக்கு ஆள் பத்து இருபது கூடக் குறைய வரும். ஆகவே தினசரிப் பயன்பாட்டுக்கு இது துல்லியமான கடிகாரம் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் என்று சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்க்க இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது நிலம் எப்போது எழுந்தது என்பதற்கு, வேறு கடிகாரம். கடல் தண்ணீரில் யுரேனியம் கரையும், தோரியம் அநேகமாகக் கரையாது. அதனால் பவளம் வளரும்போது பத்து லட்சத்தில் மூன்று பங்கு அளவுக்கு யுரேனியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தோரியம் கிட்டத்தட்ட இல்லை. அதன் பின் உள்ளிருக்கும் யுரேனியம் சிதைந்து சிதைந்து தோரியம்-230 சேர ஆரம்பிக்கிறது. ஒழுகுகிற குழாய்க்கடியில் காலிப் பானையை வைத்த மாதிரி. பானையில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தால் எப்போது வைத்தோம் என்று சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பானையிலும் ஒரு சின்ன ஓட்டை உண்டு. தோரியம்-230-ம் சிதையும், அதன் அரைவாழ்வு சுமார் 75,000 ஆண்டு. விழுகிற சொட்டும் கசிகிற சொட்டும் சமமாகிவிட்டால் மட்டம் அப்படியே நின்றுவிடும். ஆகவே இந்தக் கடிகாரம் ஐந்தாறு லட்சம் ஆண்டு வரைதான் ஓடும்.

அந்த எல்லைக்குள் இது செய்கிற வேலை அபாரம். பப்புவா நியூகினியில் ஹுவோன் தீபகற்பம் என்று ஓர் இடம். கடற்கரையிலிருந்து மலை வரை ராட்சதப் படிக்கட்டு மாதிரி நிலம் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியும் ஒரு காலத்தில் கடலோரத்தில் வளர்ந்த பவளத்திட்டு. ஒரு படியில் உள்ள பவளத்தின் வயதை யுரேனியம்-தோரியம் முறையில் அளந்து, அந்தக் காலத்தில் கடல் மட்டம் எங்கே இருந்தது என்பதையும் கழித்துப் பார்த்தால் நிலம் ஏறிய வேகம் கிடைத்துவிடும். வேகமாக எழுகிற பகுதிகளில் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர். நகம் வளர்வதைவிட மெதுவு. ஆனால் 1,25,000 ஆண்டுகளுக்கு இதைப் பெருக்கினால் 375 மீட்டர். அதே வேகம் ஆறே கால் லட்சம் ஆண்டு நிற்காமல் நடந்தால் கடலடியில் இருந்த தரை நம் அகத்தியர் மலையின் 1,868 மீட்டரை எட்டிவிடும்.

இப்போது பொதிகைக்கு வரலாம். பாபநாசத்திலோ குற்றாலத்திலோ அருவிக்குப் பக்கத்துப் பாறையை உற்றுப் பார்த்தால் பட்டை பட்டையாக, மினுமினுக்கும் மணிகளோடு இருக்கும். நைஸ், சார்னோக்கைட், கோண்டலைட் என்று இந்த வகைப் பாறைகளுக்குப் பெயர். இவை பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கல்லே உருகத் தொடங்குகிற சூட்டில் வெந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்கோடி கடைசியாக அப்படி வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்த எண்ணும் சிர்கான் போன்ற மணிகளிலிருந்து கிடைத்ததே.

இந்த மலையில் பழைய கடலே இல்லையா என்றால், இருந்தது. தாழையூத்துக்குப் போனால் பார்க்கலாம். சங்கர்நகர் சிமெண்ட் ஆலை 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியதே அங்குள்ள சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அதில் ஒரு துண்டை உடைத்து வெயிலில் காட்டினால் கற்கண்டை உடைத்த மாதிரி முகம் முகமாகப் பளபளக்கும். எலுமிச்சைச் சாறு சொட்டினால் மெல்ல நுரைக்கும். கடலில் படிந்த சுண்ணாம்புச் சேறுதான் சூட்டில் வெந்து, ஒவ்வொரு துகளும் உருமாறி மறுபடி படிகமாகி இப்படி ஆகியிருக்கிறது. அந்தச் சேற்றில் எந்த உயிரின் வடிவம் இருந்திருந்தாலும் மிஞ்சியிருக்காது. ஆனால் பவளம் இல்லாததற்கு அதைவிட நேரான காரணம் ஒன்று உண்டு. பாறை வெந்தது 55 கோடி ஆண்டுக்கு முன்பு. ரூகோசாவும் டேபுலேட்டாவும் வந்தது 48 கோடி ஆண்டுக்கு முன்பு. தாழையூத்துக் கல் படிந்தபோது உலகத்தில் பவளமே பிறக்கவில்லை. இந்த மலைப்பாறைக்குள் ஒருவர் பவளத்தைக் காட்டினால், ஒன்று அது பவளமில்லை, இல்லையென்றால் அது அந்தப் பாறையில் இருந்ததில்லை.

பாறைக்குள் பதிந்த பவளத்தைப் பார்க்க நம் ஊரிலிருந்து வடக்கே போக வேண்டும். நெல்லை எக்ஸ்பிரஸ் திருச்சி தாண்டி அரியலூர் போகிற வழியில், நாம் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், கல்லக்குடியைக் கடக்கிறது. அங்குள்ள சுரங்கங்களில் பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டின சுண்ணாம்புக்கல் இருக்கிறது. வயது 10 முதல் 11 கோடி ஆண்டு. இந்தியாவின் கிழக்குப் பக்கம் பிரிந்து விலகியபோது உள்ளே ஏறிவந்த கடல் அது. வெந்துபோன பழைய அடிப்பாறையின் மேல் வேகாத புதிய பாறை படிந்திருப்பதால் உள்ளே இருப்பவை உருக்குலையாமல் கிடக்கின்றன. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்ற செக் நாட்டு ஆய்வாளர் இந்தப் பகுதியின் கடல் உயிர்களைப் பல தொகுதிகளாக வகைப்படுத்தினார். பவளங்களைப் பற்றிய பகுதி 1873-ல் வந்தது. ஸ்பிதியின் பாறை அடுக்குகளை வரிசைப்படுத்தியவரும் அவரே. 1874-ல், 36 வயதில், காரகோரம் தாண்டித் திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார். திருச்சி வெயிலிலும் லடாக் குளிரிலும் ஒரே கடல்களைத் தேடி அலைந்த மனிதர்.

நம் கடற்கரையிலும் பழைய பவளம் இருக்கிறது, ஆனால் மிக இளசு. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் வளர்ந்த நிலையிலேயே நின்றபடி, இன்றைய கடல் மட்டத்துக்கு மேலே செத்துக் கிடக்கிற பவளத்திட்டைப் பற்றி 1972-ல் டேவிட் ஸ்டாடர்ட், சி.எஸ்.கோபிநாத பிள்ளை என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். கார்பன்-14 முறையில் வயது சுமார் 4,000 ஆண்டு. சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமிக்குக் கி.மு. 1155 என்று காலம் சொன்னதும் இதே கார்பன் முறைதான். கடல் உயிர்களில் மட்டும் ஒரு சிக்கல்: கடலின் கார்பன் ஏற்கெனவே பழசாக இருப்பதால் சில நூறு ஆண்டுகள் கூடுதலாகக் காட்டும், அதைக் கழிக்க வேண்டும். "வளர்ந்த நிலையிலேயே" என்ற சொல்லும் முக்கியம். புயலில் புரண்டு கரையேறின பவளத்தைக் கொண்டு அங்கே கடல் இருந்தது என்று சொல்லக் கூடாது. வேர்பிடித்த இடத்தில் நின்றால்தான் சாட்சி செல்லும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில், தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலங்குசல்லி இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. சுற்றியிருந்த முருகைக்கல்லை வருஷக்கணக்காக வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க எதுவும் மிஞ்சவில்லை. 2001-ல் கல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; இப்போது ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்.

நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார். "இந்தக் கல்லையே கொடுத்து வயசு பார்த்தா என்ன வரும் அண்ணாச்சி?" இந்தப் பவளம் கடலில் எப்போது செத்தது என்பது வரும் என்றேன். மலையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அதைச் சுவரில் வைத்துப் பூசின கொத்தனார் காலத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கல்லை விட்டுவிட்டு அந்தக் காரையைச் சோதிக்க வேண்டும். அவர் கல்லைத் திருப்பி, லென்ஸை வாங்கி, இந்தத் தடவை காரைப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.